கப்பலிலிருந்து தெரிந்த மூக்கு: கார்வேட்டிநகரமும் சோழமண்டலக் கரையும்

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூன் மாதத்தில் சொகுசுக் கப்பல் பயணங்கள் தொடங்கின. அடுத்த ஆண்டு ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளுக்கும் கப்பல் சென்றது. நண்பர்கள் நால்வர், ஐவர் சேர்ந்து சீட்டு வாங்கி, விசாகப்பட்டினம், புதுச்சேரி போன்ற பழம்பெரும் கடற்கரை நகரங்களைக் கடல் வழியே சென்று பார்த்துவருவது ஒரு புதிய வழக்கமாக வளர்ந்து வருகிறது. கோட்டை, தேவாலயம், கலங்கரை விளக்கம், ஐரோப்பியர் கல்லறை என்று அவர்கள் எடுத்துவரும் படங்களும் ஏறத்தாழ ஒரே வரிசையில் அமைகின்றன.

வடக்கே செல்லும் கப்பல் மாலையில் புறப்பட்டால், முதல் இரவிலேயே பழவேற்காட்டையும் துர்க்கராஜபட்டினத்தையும் கடந்துவிடுகிறது. இடப்பக்கம் இருள்தான். கலங்கரை விளக்கங்களின் ஒளி எட்டும் தொலைவில் கப்பல் சென்றால் அது மட்டும் விட்டுவிட்டுத் தெரியும். ஒரு காலத்தில் ஐரோப்பிய வணிகக் குழுமங்கள் போட்டியிட்டு இடம்பிடித்த இந்தத் துறைகளில் இன்று எந்தப் பயணக் கப்பலும் நிற்பதில்லை. அவற்றுக்கு நேர் மேற்கே, உள்நாட்டில், அத்துறைகளை உருவாக்கிய நிலம் இருக்கிறது. அது பயணத் திட்டத்திலும் இல்லை. நமது நினைவிலும் பெரிதாக இல்லை. கடற்கரை நகரத்தின் வரலாற்றைக் கடற்கரையோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கமே அதற்குக் காரணம். கார்வேட்டிநகரத்தை நடுவில் வைத்து இக்கரையைப் பார்த்தால் அந்தப் பழக்கம் எவ்வளவு குறையுடையது என்பது விளங்கும்.

முதலில் ஒரு மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னைக்கு வடமேற்கே, நகரிக்கும் புத்தூருக்கும் அருகில், மூக்குப் போல் நீண்டு நிற்கும் ஒரு குன்றுமுகம் உண்டு. அதன் உயரம் 2,824 அடி, அதாவது ஏறத்தாழ 860 மீட்டர். ஆங்கில மாலுமிகள் அதை 'நகரி மூக்கு' என்றே அழைத்தனர். சோழமண்டலக் கரை தட்டையானது. கடலிலிருந்து பார்த்தால் மணல், பனை, அலை ஆகியவை மட்டுமே மைல் கணக்கில் நீளும். ஒரு துறையையும் மற்றொரு துறையையும் வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் கரையில் அரிது. எனவே சென்னையையோ பழவேற்காட்டையோ நாடி வந்த கப்பல்கள், கரை கண்ணில் படும் முன்பே உள்நாட்டில் உயர்ந்து நிற்கும் இந்த மூக்கைத் தேடின. 860 மீட்டர் உயரமுள்ள முகடு, தெளிந்த வானில், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் கடல்மட்டத்தில் நிற்பவன் கண்ணுக்குத் தென்படும். துறைமுகத்தைக் கண்டுபிடிக்க மாலுமிக்கு உதவிய அந்த மலை கார்வேட்டிநகர ஜமீனுக்குள் இருந்தது.

கடற்கரையை அறிய உள்நாட்டைப் பார்க்க வேண்டும் என்பது மாலுமிகளுக்கு நடைமுறை அறிவு. வரலாறு எழுதியவர்கள்தான் அதை மறந்தனர்.

கார்வேட்டிநகரம் இன்று ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் ஒரு மண்டலத் தலையூர். பொம்மராசர்கள் எனப்பட்ட பாளையக்காரர்கள் ஆண்ட இடம் இது. ஆங்கில ஆவணங்களில் இவர்களது நிலம் பொம்மராஜ பாளையம் எனக் குறிக்கப்படுகிறது. 1802இல் நிரந்தரத் தீர்வையின் கீழ் வெங்கடகிரி, காளஹஸ்தி ஆகியவற்றைப் போல இதுவும் சனது பெற்ற ஜமீனாயிற்று. நாராயணவனம், புத்தூர், திருத்தணி ஆகிய ஊர்கள் இந்த ஜமீனுக்கு உட்பட்டிருந்தன. அரச குடும்பம் கட்டிய வேணுகோபாலர் கோயிலும், ஸ்கந்த புஷ்கரிணி என்னும் கருங்கல் குளமும் இன்றும் அங்கு உள்ளன.

ஊர்ப்பெயர் குறித்த மரபான விளக்கம் அது 'காடுவெட்டிநகரம்' என்பதன் திரிபு என்கிறது. காடு வெட்டித் திருத்தி எழுப்பிய நகரம் என்பது பொருள். 'காடு' என்பதன் இறுதி உகரம் மறைந்து, நாவளை ஒலி ரகரமாக நெகிழ்ந்து, 'கார்' என நின்றது எனக் கொள்ளலாம். பல்லவர் வழியினருக்குக் காடுவெட்டி என்ற பட்டப்பெயர் வழங்கியதும், அப்பெயரில் தமிழ்நாட்டிலும் ஊர் இருப்பதும் கவனிக்கத்தக்கவை. தொழிலால் வந்த பெயரோ, பட்டத்தால் வந்த பெயரோ, அதன் வேர் தமிழில் உள்ளது. அதன் நடுவே வெட்டப்பட்ட காடு ஒன்று இருக்கிறது.

நிலப்படத்தை விரித்தால் மற்றொரு பொருத்தம் புலப்படும். கார்வேட்டிநகரமும் பழவேற்காடும் ஏறத்தாழ ஒரே அகலாங்கில், 13 பாகை 25 கலை அளவில், அமைந்துள்ளன. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் 95 கிலோமீட்டர்தான் தொலைவு. வேல மரக் காட்டின் பெயர் ஒன்றில். வெட்டிய காட்டின் பெயர் மற்றொன்றில். காட்டிலிருந்து காட்டுக்கு இழுத்த கோடு போல் ஒரு நிலப்பரப்பு. அதன் கிழக்கு முனையில் கடல்.

அந்தக் கிழக்கு முனைக்கு டச்சுக்காரர் வந்தது 1610ஐ ஒட்டி. அனுமதி தந்தவர் விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடபதி ராயர். 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் அப்பேரரசின் தலைநகர் பெனுகொண்டாவுக்குச் சென்றது. பின்னர் சந்திரகிரிக்கும் வேலூருக்கும் நகர்ந்தது. அதாவது, பழவேற்காட்டின் தலைவிதி திருப்பதி மலையடிவாரத்தில் தீர்மானிக்கப்பட்டது. பழவேற்காடு வேங்கடபதியின் அரசியருள் ஒருவரது பொறுப்பில் இருந்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். 1612இல் சாந்தோம் போர்த்துக்கீசியர் டச்சுப் பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் பழவேற்காடே.

அவர்கள் வாங்கியது துணி. உள்நாட்டுத் தறியூர்களில் நெய்யப்பட்டு, சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய துணி. பழவேற்காட்டுக் கைக்குட்டை உலகச் சந்தையில் பெற்ற இடத்துக்குச் சான்றாக, 'புல்லிகேட்' என்ற சொல் வண்ணக் கைக்குட்டையைக் குறிக்கும் பொதுச்சொல்லாக ஆங்கில அகராதியில் நின்றுவிட்டது. பழவேற்காட்டின் ழகரத்தை லகரமாக்கிய நாக்கு, ஊரின் பெயரையே துணியின் பெயராகவும் ஆக்கியது. ஆனால் அத்துணியை நெய்தவர் வாழ்ந்தது பெரும்பாலும் கரையில் அன்று; தறிக்கும் துறைக்கும் இடையே மாட்டு வண்டிகளும் பொதிமாடுகளும் தரகர்களும் இருந்தனர். நகரியும் புத்தூரும் நாராயணவனமும் இன்றும் தறி ஓசை கேட்கும் ஊர்கள்தாம்.

துணியோடு மனிதரும் விற்கப்பட்டனர். பஞ்சமும் போரும் மூண்ட ஆண்டுகளில், உள்நாட்டிலிருந்து பசியால் கரைக்கு வந்தவர்கள் அடிமைகளாக வாங்கப்பட்டு பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டனர். டச்சுக் கணக்கேடுகளில் அவர்கள் எண்ணிக்கையாக உள்ளனர். பழவேற்காட்டில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில், வாயிலின் இரு புறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்க, வணிகர்களுக்கும் அவர்தம் மனைவி மக்களுக்கும் பெயர் பொறித்த கற்கள் உள்ளன. ஏற்றிச் செல்லப்பட்டவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. பயணிகள் படம் எடுப்பது பெயர் பொறித்த கற்களை.

அதே பழவேற்காட்டில் 1630களில் டச்சுச் சமயகுருவாக இருந்த ஆபிரகாம் ரோஜேரியுஸ் வேறொரு சரக்கைச் சேர்த்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து இந்து சமய வழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்த பின் 1651இல் லைடனில் அச்சாயிற்று. பர்த்ருஹரியின் பாடல்கள் அந்நூலின் வழியாக டச்சு மொழிக்குப் போயின. வடமொழி இலக்கியம் ஒன்று ஐரோப்பிய மொழியில் அச்சேறிய மிகத் தொடக்கக் கட்டம் அது. துணி, அடிமை, கவிதை மூன்றும் ஒரே கரையிலிருந்து கப்பலேறின.

பழவேற்காட்டுக்கு வடக்கே, ஸ்ரீஹரிகோட்டாவைத் தாண்டி, துர்க்கராஜபட்டினம். 2022இல் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் இதுவும் சேர்க்கப்பட்டது. மலைக் கோயிலால் அறியப்படும் மாவட்டத்துக்கு ஒரு கடற்கரை இவ்வாறு கிடைத்தது. டச்சுக்காரரின் நெருக்குதலால் பழவேற்காட்டில் நிலைகொள்ள இயலாத ஆங்கிலேயர் 1626இல் இங்கே பண்டகசாலை அமைத்து, பின்னர் அரண் எழுப்பிப் பீரங்கிகளும் வைத்தனர். அவர்கள் இதற்கு இட்ட பெயர் ஆர்மகான். தங்களுக்கு உதவிய ஆறுமுகம் முதலியார் என்பவரின் பெயரை இவ்வாறு சிதைத்து வழங்கினர் என்பது வழிவழிச் செய்தி. ஊர் மறைந்தாலும் பெயர் கடல்வரைபடத்தில் பிழைத்தது. இன்றும் அங்குள்ள கலங்கரை விளக்கம் ஆர்மகான் விளக்கம் என்றே குறிக்கப்படுகிறது. ஒரு தமிழர் பெயர், அடையாளம் தெரியாத உருவத்தில், ஒவ்வொரு இரவும் கப்பல்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கிறது.

ஆர்மகானில் நல்ல துணி போதிய அளவு கிடைக்கவில்லை. அங்கிருந்த பிரான்சிஸ் டே தெற்கே சென்று புதிய இடம் தேடினார். சாந்தோமுக்கு வடக்கே ஒரு மணல் திட்டில், மற்ற இடங்களைவிட ஐந்தில் ஒரு பங்கு மலிவாகத் துணி கிடைக்கும் என்று கணக்கிட்டார். தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து 1639இல் அவர் பெற்ற உரிமையின் நாளாக ஆகஸ்ட் 22 கொள்ளப்பட்டு, இன்று சென்னை நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1640 பிப்ரவரியில் டேயும் ஆண்ட்ரூ கோகனும் ஆர்மகானை விட்டுக் கப்பலேறி வந்திறங்கினர். இன்றைய சொகுசுக் கப்பல் ஓர் இரவில் வடக்கு நோக்கிக் கடக்கும் நீர்வழியில்தான் அவர்கள் தெற்கு நோக்கி வந்தனர். வந்திறங்கிய இடத்தில் துறைமுகம் என்று ஒன்றில்லை. கப்பல் அலைக்கு அப்பால் நிற்க, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஆட்களும் பொருட்களும் கரை சேர்ந்தன. இந்நிலை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1870களில் கட்டத் தொடங்கிய துறைமுகம் 1881 புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டது.

உரிமை தந்த நாயக்கருக்கு மேலே பேரரசர் மூன்றாம் வேங்கடர் இருந்தார். அவரது முடிவு சென்னை வரலாற்று நூல்களில் ஒரு வரியாகக்கூட அரிதாகவே இடம்பெறுகிறது. கோல்கொண்டா படைகள் கிழக்குக் கரையில் இறங்கிவர, அவர் காடுகளில் தஞ்சம் புகுந்து, 1642 அக்டோபரில் நாராயணவனத்தை ஒட்டிய பகுதியில் இறந்தார். கார்வேட்டிநகரத்துக்கு அண்மையிலுள்ள அதே நாராயணவனம். அடுத்து வந்த மூன்றாம் ஸ்ரீரங்கர் 1645இல் ஆங்கிலேயர்க்கு உரிமையைப் புதுப்பித்துத் தந்தார். மறு ஆண்டில் சந்திரகிரியே கோல்கொண்டாவின் கைக்குப் போயிற்று. கரையில் ஒரு நகரம் பிறந்து வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதற்கு ஓலை தந்த அரசு உள்நாட்டுக் காடுகளில் அணைந்துகொண்டிருந்தது. சென்னை நாளின் கொண்டாட்டத்தில் முதல் பாதி மட்டுமே நினைவுகூரப்படுகிறது.

இது சென்னைக்கு மட்டும் உரிய நிலையன்று. இன்னும் வடக்கே மோட்டுப்பள்ளி உண்டு. அங்கே காகதிய மன்னர் கணபதிதேவர் 1244இல் பொறித்த அபய சாசனம், புயலில் கரையொதுங்கும் கப்பல்களின் சரக்கை அரசர்கள் பறித்துவந்த வழக்கத்தைக் கைவிட்டு, கடல் வணிகர்களுக்குப் பாதுகாப்பு அளிப்பதாக அறிவிக்கிறது. அந்த வாக்குறுதியைத் தந்தவர் கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள ஓருகல்லில் அரசிருந்தவர். துறையை அலை மட்டும் உருவாக்குவதில்லை. உள்நாட்டில் ஒருவர் தரும் உறுதியும் வேண்டியிருக்கிறது.

கார்வேட்டிநகர மலைகளுக்கும் கடலுக்கும் இடையே நேரடியான கயிறு ஒன்று உண்டு. அது செம்மரம். உலகில் இயற்கையாகச் செம்மரம் வளரும் நிலம் மிகச் சிறியது: ஆந்திரத்தின் தென்பகுதி மலைகளும் அவற்றை ஒட்டிய தமிழகப் பகுதிகளும். சேஷாசலம் போலவே கார்வேட்டிநகரத்தைச் சுற்றிய காடுகளிலும் அது வளர்கிறது. இக்கட்டைகள் ஐரோப்பியச் சாயப் பட்டறைகளுக்குச் சிவப்புச் சாயம் தரும் பொருளாகச் சென்றன. துணிப்பொதி ஏற்றிய கப்பல் நிலையாக மிதக்க அடிப்பாரம் தேவைப்பட்டது. கனத்த செம்மரக் கட்டை அதற்கும் பயன்பட்டது. 'காலியாத்தூர் மரம்' என்னும் பெயரில் ஐரோப்பியச் சந்தை அதை அறிந்தது. இக்கரையில் இருந்த ஓர் ஊரின் பெயர் அதில் மறைந்திருப்பதாகக் கருதப்படுகிறது. அங்கும் துறையின் பெயர்தான் மரத்துக்குப் போயிற்று. மலையின் பெயர் போகவில்லை.

அந்தக் கயிறு இன்னும் அறவில்லை. அரிய மரமாகப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட பின்னும், செம்மரம் திருட்டுத்தனமாகக் கடல் தாண்டுகிறது. சென்னையைச் சுற்றிய துறைமுகப் பகுதிகளில் கொள்கலன்களுக்குள் கட்டைகள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் யார் என்பது 2015 ஏப்ரல் 7 அன்று வெளிப்பட்டது. சந்திரகிரியை அடுத்த சேஷாசலக் காட்டில் ஆந்திரச் சிறப்புக் காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தனர். ஜவ்வாது மலைப் பழங்குடியினரும் அவர்களுள் இருந்தனர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. அது போலி மோதல் என்று மனித உரிமை அமைப்புகள் கூறின. பத்தாவியாவுக்குப் போனவர்கள் டச்சுக் கணக்கேட்டில் எண்களானதுபோல், இவர்களும் '20 பேர்' என்ற எண்ணாகவே பொது நினைவில் எஞ்சினர். காடு வெட்டியோர் பெயரால் விளங்கும் ஊருக்கு அண்மைக் காடுகளில், வெட்டப்போன கூலிகளுக்குப் பெயர் மிஞ்சவில்லை.

எல்லைப் பிரிவினை இந்த மறதியை மேலும் உறுதிப்படுத்தியது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அங்கே சென்றது. ம.பொ.சி. உள்ளிட்டோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் பரிந்துரையின்படியும், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மாற்றாகச் சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. பழைய கார்வேட்டிநகர ஜமீனின் நிலம் இரு மாநிலங்களில் பிரிந்தது. பழவேற்காடு ஊர் இங்கே, ஏரியின் பெரும்பகுதி அங்கே என்றாயிற்று. கரையின் வரலாறு ஒரு மாநிலப் பாடநூலிலும் காட்டின் வரலாறு மற்றொரு மாநிலப் பாடநூலிலுமாகப் பிரிந்துபோக, இரண்டையும் இணைக்கும் பாதை எந்தப் பாடநூலுக்கும் உரியதாக இல்லாமல் போயிற்று.

இசை மட்டும் அந்தப் பாதையை விடவில்லை. கார்வேட்டிநகர அரசவையைச் சார்ந்த சாரங்கபாணியின் பதங்களும் கோவிந்தசாமய்யாவின் வர்ணங்களும் சென்னை மேடைகளில் இன்றும் ஒலிக்கின்றன. தெலுங்கில் பாடப்படும் அவற்றைத் தமிழ் அவையினர் தமதெனவே கேட்கின்றனர். ஊரின் பெயர் தெரியாமல் கேட்பவர்களே அவர்களில் மிகுதி என்றாலும், உள்நாட்டுப் பொருள் ஒன்று சிதையாமல் கரையை வந்தடைந்ததற்கு அது நல்ல சான்று.

ஆகவே, நண்பர்களோடு கப்பலேறிப் பழைய கடற்கரை நகரங்களைக் காணச் செல்வோர்க்கு ஒரு வேண்டுகோள் வைக்கலாம். பயணம் முடிந்த பின் ஒருநாளை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் ரயிலில் ஏறினால், நகரியைத் தாண்டும்போதே சன்னலுக்கு வெளியே அந்த மூக்கு தெரியும். புத்தூரில் இறங்கினால் ஒருபுறம் நாராயணவனம், மறுபுறம் கார்வேட்டிநகரம். இரண்டும் பேருந்தில் செல்லக்கூடிய தொலைவுதான். புஷ்கரிணியின் படிக்கட்டில் அமர்ந்து கிழக்கே பார்த்தால் கடல் தெரியாது. ஆனால் கடலிலிருந்து வந்தவர்கள் ஒருகாலத்தில் கரையைக் காணும் முன்பு, இந்தத் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனர்.